ரோஜாவும் இல்லை, கடுகுரோகிணியும் இல்லை

ஜனவரியில் ஒரு காலை. இரவு மைனஸ் ஐந்து வரை இறங்கியிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு அக்காவின் குரல். யாழ்ப்பாணத்துக்காரர், லண்டனுக்கு வந்து முப்பது வருடம் தாண்டியும் பேச்சில் ஊர் போகவில்லை. "தம்பி, உங்கட பூக்கண்டு எல்லாம் விறைச்சுச் செத்துப்போச்சுது. வந்து பாருங்கோ!"

போய்ப் பார்த்தேன். முந்தின நாள் வரை நிமிர்ந்து நின்ற ஹெலபோர் பூத்தண்டுகள், வெந்த கீரைத்தண்டு மாதிரி மண்ணோடு ஒட்டிக் கிடந்தன. அக்காவின் கையில் ஆவி பறக்கும் கேத்தல். பனியைக் கரைக்கலாம் என்று வெந்நீரோடு வந்துவிட்டார். கெஞ்சிக் கேட்டு அதை டீக்குத் திருப்பினோம். பதினொரு மணிக்கு மெல்லிய வெயில் வந்தது. மதியச் சாப்பாட்டுக்குள் தண்டுகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றுவிட்டன.

உயிரணுவுக்குள்ளேயே நீர் உறைந்தால் அது கிழிந்து சாகும். அதனால் கடும் பனியில் இந்தச் செடி உயிரணுக்களிலிருந்து நீரை வெளியே விட்டுவிடுகிறது. விறைப்பு போய்ச் சரிகிறது. பனி உருகியதும் விட்ட நீரைத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. சரிந்து கிடப்பதுதான் அதன் தற்காப்பு. நாம் செய்ய வேண்டியது எதுவுமில்லை.

குளிர்காலத் தோட்டத்தில் இவ்வளவு தப்பாகப் புரிந்துகொள்ளப்பட்ட செடி வேறு இருக்குமா தெரியவில்லை. பாதிப் பழி அதற்கு வைத்த பெயர்களுக்குத்தான்.

"கிறிஸ்துமஸ் ரோஜாதானே? ரோஜா மாதிரி வளர்த்தால் போதும்"

ரோஜாவுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. இது ரனன்குலேசி குடும்பம். அந்தக் குடும்பத்தின் ஒரு உறுப்பினர் நம் அஞ்சறைப்பெட்டிப் பக்கமே இருக்கிறது: கருஞ்சீரகம். கிறிஸ்துமஸ் ரோஜா என்பது ஹெலபோரஸ் நைஜர் என்ற வெள்ளைப் பூ இனம். 'நைஜர்' என்றால் கறுப்பு, ஆனால் கறுப்பு வேரில்தான். கருநிறப் பூ வரும் என்று ஆசையாக வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு. இங்கிலாந்துத் தோட்டங்களில் அது பெரும்பாலும் கிறிஸ்துமஸ் கழிந்த பிறகுதான் பூக்கிறது. கடைகளில் பல நிறங்களில் வரும் கலப்பினங்கள் வேறு. அவற்றுக்குத் 'தவக்கால ரோஜா' என்று பெயர். பெரும்பாலும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பூக்கும். சில ஜனவரியிலேயே முந்திக்கொள்ளும். சீட்டில் 'ஓரியண்டாலிஸ்' என்று எழுதியிருந்தாலும் பானைக்குள் இருப்பது அநேகமாகப் பல இனங்கள் கலந்த செடிதான்.

பூவும் நாம் நினைக்கிற பூ இல்லை. தலை கவிழ்ந்து நிற்கும் ஒன்றை விரலால் மெல்ல நிமிர்த்திப் பாருங்கள். சிவப்பாகவோ மஞ்சளாகவோ விரிந்திருக்கும் ஐந்தும் புல்லி இதழ்கள். உள்ளே, மகரந்தத் தாள்களைச் சுற்றி, குட்டிக் கொம்புகள் போலப் பச்சையாய் ஒரு வளையம் இருக்கும். அவைதான் அல்லி இதழ்கள். தேன் குழல்களாகச் சுருங்கிவிட்டன. கருவுற்றதும் குழல்களும் தாள்களும் கொட்டிவிடும். புல்லிகள் மட்டும் மெல்லப் பச்சையேறி, விதைக்குச் சோறு சமைத்துக்கொண்டு மாதக்கணக்கில் நிற்கும். 'இரண்டு மாதமாக வாடவே இல்லை' என்று நாம் பெருமைப்படும் பூவின் ரகசியம் இது. தலை கவிழ்ந்திருப்பதும் நோயில்லை, தண்ணீர்க் குறையுமில்லை. மழையிலும் பனியிலும் மகரந்தம் நனையாமல் இருக்கப் பிடித்த குடை.

"அகராதியில் கடுகுரோகிணி என்று போட்டிருக்கிறதே, மருந்துச் செடிதானே?"

என் மாமாவே தொலைபேசியில் கேட்ட கேள்வி. பழைய தமிழ்-ஆங்கில அகராதிகள் சிலவற்றில் கடுகுரோகிணிக்கு நேராகக் கறுப்பு ஹெலபோர் என்றே இருக்கும். கம்பெனி காலத்து வெள்ளைக்கார மருத்துவர்கள் நம் கடைச்சரக்குகளுக்கு அவர்கள் ஊர்ச் சரக்கில் ஜோடி தேடினார்கள். இரண்டும் கறுத்த வேர், இரண்டும் கசப்பு. பெயர் ஒட்டிக்கொண்டது. உண்மையில் கடுகுரோகிணி இமயமலையின் உயரத்தில் வளரும் பிக்ரோரைசா. இசப்கோல் இருக்கும் குடும்பம்.

ஹெலபோரோ வேர் முதல் விதை வரை நஞ்சு. இதயத்தைத் தாக்கும் பொருள்கள் அதில் உண்டு. சாறு பட்டால் தோல் எரியும். பழங்கால கிரேக்கர்கள் இதைப் பைத்தியத்துக்கு மருந்தாகக் கொடுத்தார்கள்தான். முற்றுகையிட்ட கிர்ரா நகரத்தின் குடிநீரில் இதைக் கலந்து ஊரையே படுக்கவைத்தார்கள் என்று அவர்களிடமே கதையும் உண்டு. எனவே அகராதியை நம்பி வேரைத் தோண்டிக் கஷாயம் வைக்காதீர்கள். இலை நறுக்கும்போது கையுறை போடுங்கள். இந்த நஞ்சால் ஒரு லாபம்: மானும் முயலும் இதன் பக்கம் திரும்புவதில்லை.

"நிழல் செடி, எவ்வளவு இருட்டோ அவ்வளவு நல்லது"

இதில் நானே ஏமாந்தேன். வடக்குப் பார்த்த பின்தோட்டம் எங்களுடையது. ஓரத்தில் வேலியாக உயர்ந்து நிற்கும் சைப்ரஸ் மரங்கள். வேறு எதுவும் வராத அந்த இடத்தில், 'நிழலுக்கு ஏற்றது' என்ற சீட்டை நம்பி மூன்று ஹெலபோர் வைத்தேன். இரண்டு குளிர்காலம் போயின. செடி சாகவில்லை, ஆனால் மொத்தமாக ஐந்து பூ. மண்ணைத் தோண்டிப் பார்த்தால் நவம்பர் மழையிலும் ஒரு சாண் ஆழத்தில் பொடிப்பொடியாக இருந்தது. மழையை மரம் தடுத்துக்கொண்டது. தப்பி விழுந்ததை வேர் குடித்துவிட்டது.

இந்தக் கலப்பினங்களின் மூதாதையர் பால்கன் நாடுகளிலிருந்து துருக்கி, காகசஸ் வரை காட்டோரங்களிலும் புதர்க்காடுகளிலும் புல்வெளிகளிலும் வளர்பவை. அங்கே நிழல் தருவது பெரும்பாலும் இலையுதிர் மரங்கள். கோடையில் குடை, குளிர்காலத்தில் மொட்டைக் கிளை வழியே தாராளமாக வெளிச்சம். இந்தச் செடிக்கு வேண்டியது அப்படிப் பருவத்துக்குப் பருவம் மாறும் நிழல். ஆண்டு முழுக்க இருண்டு கிடக்கும் பசுமைமாறா மரத்தடி அதற்கு ஈடாகாது. அதே தோட்டத்தின் எதிர் மூலையில், ஆப்பிள் மரத்தடிக்கு, ஒரு செப்டம்பரில் மூன்றையும் மாற்றினேன். இரண்டு கூடை இலைமக்கு போட்டு, கிழங்கின் தலை மண்மட்டத்தில் இருக்கும்படி நட்டேன். ஓராண்டு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்துவிட்டு அடுத்த ஆண்டிலிருந்து பூக்கத் தொடங்கின. இடம் மாற்றினால் செத்துவிடும் என்ற பேச்சும் இதோடு போயிற்று. தவக்கால ரோஜாவின் தூரை இலையுதிர்கால ஆரம்பத்தில் தாராளமாகப் பிரிக்கலாம். கிறிஸ்துமஸ் ரோஜாதான் கொஞ்சம் முரண்டுபிடிக்கும்.

கையோடு இன்னொன்று: சுண்ணாம்பு போட்டே ஆக வேண்டும் என்பார்கள். கலப்பினங்களுக்கு அவசியமில்லை. வடிகால் சரியாக இருந்தால் லேசான அமில மண்ணிலும் வரும்.

"பச்சை இலையை வெட்டுவது பாவம்"

தவக்கால ரோஜாவின் பழைய இலைகளை டிசம்பரில், மொட்டு மேலே வருவதற்கு முன், அடியோடு வெட்டிவிடலாம். பூ கண்ணில் படும். இலைப்புள்ளிப் பூஞ்சை புதுத் தளிருக்குத் தாவாது. வெட்டியதை உரக்குழியில் போடாதீர்கள். ஆனால் இதைக் கேட்டுவிட்டுக் கண்ணில் படும் எல்லா ஹெலபோரையும் மொட்டையடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஃபெடிடஸ், ஆர்குடிஃபோலியஸ் போன்ற ஹெலபோர் இனங்களுக்கு இலைத்தண்டின் நுனியிலேயே பூ வரும். அதைக் குளிர்காலத்தில் வெட்டினால் அந்த வருடத்துப் பூவையே வெட்டியதாகும். பூத்து முடிந்த பிறகுதான் அந்தத் தண்டுகளுக்குக் கத்தி.

இலையில் கறுப்பைக் கண்டதும் 'கறுப்புச் சாவு' வந்துவிட்டது என்று பதறுவதும் வேண்டாம். வட்டவட்டமான புள்ளி என்றால் பூஞ்சை. இலையை எடுத்தால் தீர்ந்தது. நரம்போடு ஓடும் கரிக்கோடுகளும், திருகிக் குறுகிய தளிரும் சேர்ந்து வந்தால் அது வைரஸ். அதற்கு மருந்தில்லை, செடியைத் தோண்டி எடுத்து அழிக்க வேண்டியதுதான்.

"தாய்ச்செடி மாதிரியேதான் நாற்றும் வரும்"

செடிக்கு அடியில் முளைக்கும் நாற்றுகளைப் பார்த்து அக்காவுக்குக் கொண்டாட்டம். ஹெலபோர் விதையில் எறும்புக்குப் பிடித்த ஒரு கொழுப்புத் துணுக்கு உண்டு. எறும்பு இழுத்துப்போய் அங்கங்கே போட்டுவிடும். எடுத்து நடலாம், ஆனால் மூன்று வருடம் பொறுத்தால்தான் நிறம் தெரியும். தாய் கருநீலமாக இருந்தாலும் பிள்ளை சேற்றுச் சிவப்பாக வரலாம். கலப்பினத்தின் குணம் அது. நல்ல நிறத்துக்கு விலை ஏறுவது இதனால்தான். மால்வர்ன் அருகே ஹெலன் பல்லார்ட் போன்றவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்துத்தான் சுத்தமான நிறங்கள் வந்தன. கென்ட்டில் நாற்றங்கால் நடத்திய எலிசபெத் ஸ்ட்ராங்மன் 1971இல் மாண்டினீக்ரோவின் காட்டுச் செடிகளுக்கு நடுவே இரண்டு அடுக்குப் பூச் செடிகளைக் கண்டார். டைடோ, ஈனியாஸ் என்று பெயர் வைத்தார். இன்றைய அடுக்கு ஹெலபோர்கள் பலவற்றின் பரம்பரையில் அவை இருக்கின்றன. ஆகவே வாங்குவதாக இருந்தால் பூத்திருக்கும்போது, நேரில் பார்த்து வாங்குங்கள். அட்டையில் இருக்கும் படத்தை நம்பாதீர்கள்.

"பறித்தால் உடனே வாடிவிடும்"

காம்போடு ஜாடியில் வைத்தால் தொங்கிப்போவது உண்மைதான். நடுவில் விதைப்பை பருக்கத் தொடங்கிய பூக்களைப் பறித்தால் கொஞ்ச நாள் கூட நிற்கும். அதைவிட நல்ல வழியை அக்கா கண்டுபிடித்தார், யாரும் சொல்லிக் கொடுக்காமலே. போன மார்ச்சில் அவர் வீட்டுக்குப் போனபோது வாசலில் பித்தளை உருளி. நீர் நிறைய. அதில் காம்பு கிள்ளிய என் ஹெலபோர்கள், முகம் மேலே பார்த்தபடி மிதந்துகொண்டிருந்தன. வேலிக்கு இந்தப் பக்கம் வந்து எப்போது பறித்தார் என்று நான் கேட்கவில்லை.