பைக் மேப்புக்கு எந்த கேபிள் தாங்கும்?

ஹேண்டிலில் செல்போனையோ ஜிபிஎஸ் கருவியையோ மாட்டி ஓட்டுகிறவர்களை முதலில் காலை வாருவது கேபிள்தான். பிளக்கை ஒட்டிய இரண்டு விரற்கடை நீளத்தில்தான் உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக முறியும். வெளியே பார்த்தால் புதுசு போலவே இருக்கும். சார்ஜ் மட்டும் விட்டுவிட்டு ஏறும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஹேண்டிலை ஒடிக்க ஒடிக்க மடங்கி நிமிர்வது அந்த இடமே. ஆகவே கடையில் நைலான் பின்னலைப் பார்த்து மயங்காதீர்கள். அது உராய்வைத் தாங்கும், ஆனால் சேற்றையும் ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். பிளக்கின் கழுத்து ரப்பரை வளைத்துப் பாருங்கள். சட்டென்று மடியாமல் சீராக வளைந்தால் வாங்கலாம். காந்த முனை கேபிள் வண்டிக்கு வேண்டாம். பெரிய பள்ளத்தில் இறங்கினால் கழன்றுவிடும்.

அடுத்தது வயரின் தடிமன். கேஜ் எண் கூடக்கூட வயர் மெலியும். 28 கேஜ் வயரில் ஒரு மீட்டர் தூரத்துக்கு 2 ஆம்பியர் போனால், போக வரச் சேர்த்து சுமார் 0.85 வோல்ட் வழியிலேயே போய்விடும். 5 வோல்ட்டாகக் கிளம்பியது 4.15 ஆகத்தான் போனுக்குப் போய்ச் சேரும். உச்சி வெயிலில் திரை முழு வெளிச்சத்தில் எரியும்போது, சார்ஜரில் இருந்தும் பேட்டரி இறங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 24 கேஜில் இழப்பு 0.35 வோல்ட்டுக்குள் அடங்கும்.

ஊருக்குள் வேலைக்குப் போய்வர, ஹேண்டில் யுஎஸ்பி சாக்கெட்டும் சாதாரண கேபிளும் போதும். அறுந்தால் கேபிளை மட்டும் மாற்றிவிடலாம். ஆனால் பிளக்கைச் செருகியதும் சாக்கெட்டின் மூடி திறந்தே கிடக்கும். மழையும், ஈசிஆர் பக்கம் உப்புக்காற்றும் உள்ளே போய்க் காண்டாக்டில் பச்சை பூக்கும். வயரோடு சேர்த்து அடைத்த ஐபி67 சார்ஜர் தண்ணீரைத் தாங்கும். வயர் போனால் மொத்தத்தையும் தூக்கிப்போட வேண்டியதுதான். கார்மின் சுமோ எக்ஸ்டி போன்ற ஜிபிஎஸ் கருவிகளின் தாங்கியில் பின் காண்டாக்ட் வழியாகவே மின்சாரம் ஏறுகிறது. மடங்க பிளக்கே இல்லாததால் உழைப்பில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. கருவியின் விலைதான் கையைக் கடிக்கும்.

போனை வைத்தே நெடுந்தூரம் போகிறவர்களுக்கு என் சிபாரிசு இது: பேட்டரியிலிருந்து டேங்குக்கு அடியில் 12 வோல்ட் வயரையே முன்னால் கொண்டுவாருங்கள். 5 வோல்ட்டாக மாற்றும் அடைப்புள்ள சார்ஜரை ஹேண்டில் அருகில் பொருத்தி, அங்கிருந்து போனுக்கு ஓர் அடி நீளத்தில் தனியாகக் கழற்றக்கூடிய கேபிள் போடுங்கள். அதே 10 வாட்டுக்கு 12 வோல்ட்டில் ஏறக்குறைய ஓர் ஆம்பியர்தான் ஓடும் என்பதால் நீண்ட தூரத்தில் இழப்பு குறையும். அறுந்தால் மாற்ற வேண்டியதும் அந்த ஓர் அடிதான்.

பியூஸைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். தள்ளி வைத்தால், இடையில் வயர் உரசி ஷார்ட் ஆகும்போது அது காப்பாற்றாது. இக்னிஷன் அணைந்ததும் சார்ஜரும் அணையும்படி ரிலே போட்டுவிட்டால், வண்டி நிற்கும்போது பேட்டரி இறங்காது. பொருத்தி முடிந்ததும் ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். கேபிள் எங்கும் இறுகவோ போர்க்கில் சிக்கவோ கூடாது. பிளக்கிலிருந்து நான்கு விரல் தள்ளி, கேபிளைத் தாங்கியோடு ஒரு டையால் கட்டிவிடுங்கள்.