கிணற்றைக் காக்கும் அளவைகள்
(வீட்டுக் கழிவுநீர் ஒழுங்கு பற்றிய பாடம்)

கிணறு யாருக்குச் சொந்தமாயினும், பூமிக்கடியிலுள்ள ஊற்று எல்லார்க்கும் பொதுவானது. ஒருவர் தம் புழக்கடையில் வெட்டும் குழி, அடுத்த வீட்டார் அருந்தும் ஜலத்தைக் கெடுக்கக்கூடும். 1904-ம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்த் தோன்றிய கிராம நாணய சங்கங்களில், ஓர் அங்கத்தினரின் கடனுக்கு ஏனைய அங்கத்தினர் அனைவரும் வரையறையின்றிப் பொறுப்பாளிகளாயிருந்தனர். கழிவுநீர் விஷயத்தில் அதே பொறுப்பை இயற்கையே நம்மீது சுமத்தியிருக்கிறது. ஆகவே இது வீட்டுக்காரர் மட்டும் கவனிக்க வேண்டிய விஷயமன்று. ஐக்கிய சங்கத்தார் யாவரும் அறியற்பாலது.

இதனை இப்பொழுது கற்பதற்கு ஒரு காரணம் உண்டு. 2019-ம் ஆண்டில் தொடங்கிய ஜல ஜீவன் திட்டம், கிராமங்களில் ஆள் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் குழாய் ஜலம் என்று வகுத்தது. ஐவர் கொண்ட குடும்பத்துக்கு 275 லிட்டர் ஆகிறது. இதில் பெரும்பகுதி கழிவாகவே வீட்டைவிட்டு வெளிவரும். குடத்தில் சுமந்து வந்த நாளில் சிறு வாய்க்காலே போதுமாயிருந்தது. குழாய் வந்தபின் அது போதாது.

1. பழைய முறையும் பின்வந்த முறையும்

1950-க்கு முற்பட்ட ஆண்டுகளில், கொக்கிப்புழு நோயைத் தடுக்கும்பொருட்டுத் துளைக் கக்கூசு பல இடங்களில் சிபார்சு செய்யப்பட்டது. சுமார் 16 அங்குல அகலமும் 15 முதல் 20 அடி ஆழமும் உள்ள துளையைப் பூமியில் இறக்கி, மேலே பலகை அமைப்பார்கள். மலம் கண்ணுக்கு மறைந்தது. காலில் புழு ஏறுவதும் குறைந்தது. எனினும் ஊற்று மேலாக உள்ள இடங்களில் துளையின் அடி ஜலத்தையே தொட்டுவிடும். அவ்வாறாயின் நோய்க் கிருமி நேரே ஊற்றில் கலக்கிறது.

1956-ம் ஆண்டு முதல், மத்திய சுகாதார மந்திரி இலாகாவின் ஆராய்ச்சித் திட்டம் ஒன்று சென்னைக்கு அருகே பூந்தமல்லியிலும், வங்காளத்துச் சிங்கூரிலும், டெல்லியைச் சார்ந்த நஜஃப்கரிலும் நடைபெற்றது. நீர்ப்பூட்டுடன் கூடிய மலிவான பீங்கான் அமைப்பு அங்கே உருப்பெற்றது. பின்னர் 1987-ம் ஆண்டில், ஆழங்குறைந்த இரட்டை உறிஞ்சு குழிகளுக்கு ஐ.எஸ். 12314 என்னும் இந்திய நியமம் வகுக்கப்பட்டது. ஆழத்தை விட்டு அகலத்தை நாடியதே இம்மாறுதலின் சாரம்.

2. நீர்ப்பூட்டு

பீங்கானுக்கு அடியில் குழாய் வளைந்து, அவ்வளைவில் சிறிது ஜலம் எப்போதும் தேங்கி நிற்கும். இதுவே நீர்ப்பூட்டு. லண்டனில் கடிகாரத் தொழில் செய்த அலெக்சாண்டர் கம்மிங் என்பவர் 1775-ல் இத்தகைய வளைவுக்குப் பேடண்ட் பெற்றார். துர்வாயு மேலே வராமலும், ஈயும் கொசுவும் உள்ளே புகாமலும் தடுப்பது இந்தச் சிறிதளவு ஜலமே. நகரத்துச் சாக்கடைக் குழாய்களில் 50 மில்லிமீட்டர் ஆழமுள்ள பூட்டு வழங்கும். கிராமத்து இரட்டைக் குழி முறைக்கு 20 மில்லிமீட்டர் போதும். அதனால் ஒரு முறைக்கு 1.5 முதல் 2 லிட்டர் ஜலம் ஊற்றினாலே மலம் அகலும். பீங்கானை வாங்கும்போது அதன் அடிச்சரிவு செங்குத்தாயிருத்தலையும் கவனிக்க வேண்டும்.

3. வாட்டம்

குழாயில் ஜலம் மிக மெதுவாக ஓடினால் கசடு தங்கும். மிக வேகமாக ஓடினால் குழாய் தேயும். விநாடிக்கு 0.75 மீட்டருக்குக் குறையாமலும் 2.4 மீட்டருக்கு மேற்படாமலும் ஓட வேண்டும் என்பது விதி. இதற்காக, 100 மில்லிமீட்டர் குழாய்க்கு 57-க்கு 1 என்றும், 150 மில்லிமீட்டர் குழாய்க்கு 100-க்கு 1 என்றும் குறைந்தபட்ச வாட்டம் குறிக்கப்பட்டிருக்கிறது. அதாவது, 100 மில்லிமீட்டர் குழாய் 5.7 மீட்டர் தூரம் சென்றால், அதன் மறுமுனை 10 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். சொற்ப ஜலம் ஊற்றும் கக்கூசில் வாட்டம் இதனினும் மிகுதியாக வேண்டும். கொத்தனார் கண்மதிப்பாகக் குழாய் பதிக்கலாகாது. ஜலம் நிரப்பிய கண்ணாடி டியூபைக் கொண்டு மட்டம் பார்த்தே பதிக்க வேண்டும்.

4. இரட்டைக் குழி

ஐவர் குடும்பத்துக்குச் சுமார் 1 மீட்டர் குறுக்களவும், அதற்குச் சற்று மிகுந்த ஆழமும் உள்ள இரு குழிகள் வேண்டும். சுற்றிலும் துளையுள்ள உறைகளோ, இடைவெளி விட்ட செங்கற் சுவரோ அமைக்கலாம். சாதாரண மண்ணில் அடியில் சிமெண்டு பூசலாகாது. பூசினால் ஜலம் மண்ணில் இறங்காது. இரு குழிகளுக்கும் இடையே 1 மீட்டராவது இருத்தல் நன்று. ஒரு சமயத்தில் ஒரு குழியே பயன்படும். அது நிரம்பியதும் இடையிலுள்ள சிறு தொட்டியில் வழியை அடைத்து, மற்றதற்குத் திருப்ப வேண்டும். நிரம்பிய குழியை இரண்டு ஆண்டு தொடாது விட்டால், மலம் மக்கி நாற்றமற்ற எருவாகும். இரண்டையும் ஒருங்கே திறந்துவிடுவோர் இம்முறையின் பயனை முழுவதும் இழக்கின்றனர். குளியல், சமையல் ஜலத்தை இக்குழிகளில் விடலாகாது. அதற்குத் தனி உறிஞ்சு குழியோ, வாழைப் பாத்தியோ அமைத்துக்கொள்க.

5. கிணற்றின் தூரம்

மெல்லிய மண்ணில், குழியின் அடிக்கும் மழைக்கால ஊற்று மட்டத்துக்கும் இடையே 2 மீட்டர் உலர்ந்த மண் இருந்தால், கிணற்றுக்கு 3 மீட்டர் தூரமும் அனுமதிக்கப்படும். அவ்விடைவெளி 2 மீட்டருக்குக் குறைந்தால் 10 மீட்டர் வேண்டும். பருமணலில் கிருமி விரைந்து செல்லுமாதலால், அங்கே அடியை மட்டும் மூடி, சுற்றிலும் அரை மீட்டர் கனத்துக்கு மெல்லிய மணல் நிரப்ப வேண்டும். செப்டிக் டாங்கின் உறிஞ்சு குழிக்கோ, ஐ.எஸ். 2470 நியமத்தின் 1985-ம் ஆண்டுத் திருத்தப்படி 18 மீட்டர் தூரம் தேவை. கோடையில் ஊற்று தாழ்ந்திருக்கும்போது அளப்பது ஏமாற்றம் தரும். ஐப்பசி, கார்த்திகையில் கிணற்று மட்டத்தைப் பார்த்தே தூரத்தை முடிவு செய்ய வேண்டும். மண்ணின் தன்மை தெரியாவிடில் அதிக தூரத்தையே கொள்வது விவேகம்.

6. செப்டிக் டாங்க்

இதன் ஜலக் கொள்ளளவு 1,000 லிட்டருக்கும், அகலம் 750 மில்லிமீட்டருக்கும், ஜல ஆழம் 1 மீட்டருக்கும் குறையலாகாது. நீளம் அகலத்தைப்போல் 2 முதல் 4 மடங்கு இருக்கலாம். இதிலிருந்து வெளிவரும் ஜலம் தெளிவாகத் தோன்றினும் சுத்தமானதன்று. அதைத் தெருச் சாக்கடையில் விடுவது, நோயைத் தெருவில் விடுவதேயாகும்.

மற்றோர் ஆபத்து மிகக் கொடியது. மூடிய தொட்டியில் பிராணவாயு குன்றி, விஷவாயு நிறைந்திருக்கும். உள்ளே இறங்கியவன் சில நொடிகளில் மயங்கி விழுவான். அவனைக் காப்பாற்ற இறங்குவோனும் பின்தொடர்ந்து மடிவான். தகுந்த காப்புச் சாதனமின்றி ஆளை இறக்கிச் சுத்தஞ்செய்விப்பதை 2013-ம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. முதற் குற்றத்துக்கே 2 ஆண்டுவரை சிறையோ, 2 லட்சம் ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். 2 அல்லது 3 ஆண்டுக்கு ஒரு முறை லாரியில் வரும் இயந்திரத்தாலேயே கசடை இறைக்க வேண்டும். கூலி மிச்சம் என்று ஓர் ஏழையின் உயிரைப் பணயம் வைத்தல் தகாது.

7. சங்கம் செய்யக்கூடியவை

பீங்கான், உறை, குழாய் இவற்றை மொத்தமாக வாங்கினால் விலை நயமாகும். ஊர்க் கொத்தனார் இருவருக்கு மேற்கண்ட அளவைகளைக் கற்பிக்கலாம். ஊரின் கிணறுகளையும் குழிகளையும் ஒரு படத்தில் குறித்துச் சங்கக் கட்டிடத்தில் மாட்டி வைக்கலாம். புதிதாகக் குழி வெட்டுபவர் அப்படத்தைப் பார்த்து, அண்டை வீட்டாரின் சம்மதத்துடன் இடம் குறிக்கும் வழக்கம் ஏற்பட்டால், பிற்காலத்து வழக்கும் மனஸ்தாபமும் நீங்கும்.

அங்கத்தினர் கூடி ஆலோசிக்க வினாக்கள்

(1) உம் வீட்டுக் குழிக்கும் அருகிலுள்ள கிணற்றுக்கும் எத்தனை மீட்டர்? கிணறு பிறருடையதாயினும் அளந்து சொல்க.
(2) மழைக்காலத்தில் உம் ஊரில் ஊற்று எத்தனை அடியில் நிற்கிறது?
(3) 100 மில்லிமீட்டர் குழாய் 11.4 மீட்டர் சென்றால் எவ்வளவு தாழ வேண்டும்?
(4) உம் தெருவில் செப்டிக் டாங்கின் ஜலம் எங்கே போய்ச் சேருகிறது?