வரிசை அறிதல்: கூடைப்பந்தாட்டப் பரிசுகளைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி

பரிசு கொடுப்பது எளிது. பெறுவோரின் தரமறிந்து கொடுப்பதே அரிது. இவ்வுண்மையைக் கபிலர் மலையமான் திருமுடிக்காரிக்கு எடுத்துரைத்தமையைப் புறநானூற்றிற் காண்கிறோம். புலவர் அனைவரையும் ஒரே நோக்காக நோக்கலாகாது என்பது அவர் வேண்டுகோள். புலவர் பொருட்டுச் சொல்லப்பட்ட அவ்விதி பந்தாடுவோர்க்கும் பொருந்துமாற்றை ஆராய்வதே இச்சிறு கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சியில் யான் புகுந்தமைக்குக் காரணம் என் பிழையொன்றே. சென்ற ஆண்டு அம்பத்தூரில் மாணவர்க்கென நடந்த கூடைப்பந்துப் பந்தயமொன்றில் புள்ளிக் கணக்கு எழுதும் பணி எனக்கு வாய்த்தது. முதன்முறையாகப் பந்தயத்திற்கு வந்தவருள் சிறந்தவர் யாவர் என நடுவர் இறுதியில் என்னை வினவினர். யான் ஏட்டைப் புரட்டி, மிகுதியான புள்ளிகள் எடுத்திருந்த ஆவடி மாணவரின் பெயரைச் சொன்னேன். பரிசும் அவருக்கே சென்றது. பூவிருந்தவல்லிக்குத் திரும்பும் பேருந்தில் அருகிலிருந்த நண்பர் ஒன்று கேட்டார்: "இறுதி ஆட்டத்தில் அவரை இரண்டே கூடைகளோடு அடக்கி வைத்தவர் யார் என்பது உன் ஏட்டில் உண்டா?" இல்லை. அடக்கியவரும் புதியவரே, வென்ற அணியும் அவருடையதே. என் ஏட்டிலோ அவர் பெயருக்கெதிரே நான்கு புள்ளிகள் மாத்திரமே இருந்தன. அன்று முதல் இவ்வினா என்னை விடவில்லை.

கூடைப்பந்தாட்டம் நமக்குப் புதியதன்று. 1891-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு ஸ்பிரிங்பீல்டு நகரில், கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தார் நடத்திய பயிற்சிப் பள்ளியின் ஆசிரியரான ஜேம்ஸ் நெய்ஸ்மித், குளிர்காலத்தில் மாணவர் கூரையின்கீழ் ஆடுதற்கென இதனை வகுத்தார். பழக்கூடைகளே அன்று வளையங்களாயின. அச்சங்கத்தின் தொண்டராய்ச் சென்னைக்கு வந்த ஹாரி குரோ பக் என்பார் 1920-இல் இங்கு உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். இந்திய மகளிர் அணிக்குத் தலைமை தாங்கிய சென்னை வீராங்கனை அனிதா பால்துரை 2021-இல் பத்மஸ்ரீ விருதுக்குரியரானதை நாம் அறிவோம். அது பல்லாண்டு உழைப்பிற்குக் கிடைத்த சிறப்பு. ஒரு பருவத்தின் ஆட்டத்தை மாத்திரம் எடைபோட்டு வரிசைப்படுத்துவது வேறொரு கலை. அக்கலை மிகவும் ஆராயப்பட்டிருக்கும் இடம், ஆட்டத்தைத் தொழிலாகக் கொண்டோர் ஆடும் அமெரிக்கத் தேசியக் கூடைப்பந்துச் சங்கமாகும். ஆதலின் அங்கிருந்தே சான்றுகளைக் கொள்வோம்.

அச்சங்கத்தார், அணிக்குப் பெரும்பயன் விளைத்த ஆட்டக்காரருக்கு 1955–56 பருவம் முதலும், சிறந்த புதுமுக ஆட்டக்காரருக்கு 1952–53 பருவம் முதலும் விருதளித்து வருகின்றனர். 1961–62 பருவத்தை நோக்குக. வில்ட் சேம்பர்லின் ஆட்டமொன்றுக்குச் சராசரி 50.4 புள்ளிகளாக, மொத்தம் 4,029 புள்ளிகள் எடுத்தார். அதுபோன்ற பருவம் அதற்கு முன்னுமில்லை, பின்னுமில்லை. எனினும் விருது அவருக்குக் கிட்டவில்லை, சராசரி 18.9 புள்ளிகளே எடுத்த பில் ரஸ்ஸல் பெற்றார். ரஸ்ஸலின் பாஸ்டன் அணி 80 ஆட்டங்களில் 60-ஐ வென்றது. சேம்பர்லினின் பிலடெல்பியா அணி வென்றவை 49.

இதனினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. அக்காலத்தில் இவ்விருதுக்கு வாக்களித்தவர் ஆட்டக்காரர்களே. அப்பருவத்தின் சிறந்த ஐவரணியைத் தேர்ந்தவரோ பத்திரிகையாளர். அவர்கள் நடுவிடத்திற்குச் சேம்பர்லினையே தேர்ந்து, ரஸ்ஸலை இரண்டாம் அணியில் வைத்தனர். கண்டு எழுதுவோர் ஒருவரை மதித்தனர். எதிர்நின்று ஆடியோர் மற்றொருவரை மதித்தனர். ரஸ்ஸலின் பெருந்திறம், எதிரி வளையத்தை நோக்கி எறியும் பந்தைத் தடுத்தல். அச்சங்கத்தார் இவ்வாறு தடுத்தவற்றையும், எதிரியிடமிருந்து பந்தைப் பறித்தவற்றையும் ஏட்டிற் பதியத் தொடங்கியதே 1973–74 பருவத்தில்தான். அதற்குள் ரஸ்ஸல் ஆட்டத்தினின்று ஓய்வு பெற்றுவிட்டார். எண்ணப்படாத தொண்டு இல்லாத தொண்டாகிவிடாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இனிப் புதுமுகத்தாரைக் காண்போம். 1968–69 பருவத்தில் இருவர் புகுந்தனர். எல்வின் ஹேய்ஸ் தம் முதற்பருவத்திலேயே சராசரி 28.4 புள்ளிகள் எடுத்துச் சங்கம் முழுமைக்கும் முதல்வரானார். வெஸ் அன்செல்டு எடுத்த சராசரி 13.8 மாத்திரமே; ஆனால் வளையத்திற் பட்டு மீளும் பந்துகளை ஆட்டந்தோறும் சராசரி 18.2 முறை கைப்பற்றித் தம் அணியினர்க்கு ஈந்தார். அவருடைய பால்டிமோர் அணி முந்திய பருவத்தில் 36 வெற்றிகளே பெற்றிருந்தது. இப்போது 57 பெற்றது. அன்செல்டு புதுமுக விருதோடு பெரும்பயன் விருதையும் ஒருங்கே பெற்றார். சேம்பர்லினும் அவரும் தவிர வேறெவரும் அவ்விரண்டையும் ஒரே பருவத்திற் பெற்றிலர். எனினும் நடுநிலை தவறாமல் மற்றொன்றும் கூறவேண்டும்: ஹேய்ஸின் சான்டியாகோ அணியும் 15 வெற்றிகளிலிருந்து 37-க்கு உயர்ந்தது. ஆகவே அவரைத் தேர்ந்திருந்தாலும் அது பெரும் பிழையாகாது. எதனைக் கொண்டு அளக்கிறோம் என்பதை முன்னரே துணிந்தால்தான் முடிவு நீதியாகும் என்பதே இதனால் விளங்குவது.

புதுமுகம் யார் என்பதும் ஒரு வினாவே. பென் சிம்மன்ஸ் 2016-இல் ஓர் அணியால் எடுக்கப்பெற்றும், காலிற் காயமுற்றமையால் ஓராண்டு ஆடாதிருந்து, 2017–18 பருவத்தில் அவ்விருதைப் பெற்றார். ஓராண்டு அணியோடிருந்து பயின்றவர் புதியவரா என்று சிலர் கேட்டனர். சங்கத்தார் விதிப்படி, களத்தில் இறங்கிய நாளே தொடக்க நாள். நம் சிலப்பதிகார மாதவியும் ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் வயதிலேயே அரங்கேறித் தலைக்கோற் பட்டம் பெற்றாள். பயின்ற ஆண்டுகள் அவளுடைய புதுமையைக் குறைக்கவில்லை. அரங்கேறிய நாளே கணக்கிற் கொள்ளப்பட்டது.

வாக்கெண்ணும் முறையையும் சிறிது அறிதல் நலம். 1980–81 முதல் பத்திரிகையாளரும் ஒலி, ஒளி பரப்புவோரும் வாக்களிக்கின்றனர். பெரும்பயன் விருதுக்கு ஒவ்வொருவரும் ஐவரை வரிசையாக எழுத, அவ்வரிசைக்கு 10, 7, 5, 3, 1 என மதிப்பெண் உண்டு. 1989–90 பருவத்தில் சார்லஸ் பார்க்லியை 38 பேரும், மாஜிக் ஜான்சனை 27 பேரும் முதலிடத்தில் வைத்தனர். ஆயினும் மொத்த மதிப்பெண்ணில் ஜான்சன் 636-உம் பார்க்லி 614-உம் பெற, விருது ஜான்சனுக்காயிற்று. சிலரால் மிகப் போற்றப்படுவதினும் பலராலும் உயர்வாக மதிக்கப்படுவது மேல் என்பது இம்முறையின் கருத்து. முதலிடத்தை மாத்திரம் கேட்டிருந்தால் முடிவு மாறியிருக்கும். ஆகவே வாக்கைக் கேட்கும் வகையும் ஓர் அளவுகோலே.

மேற்கூறியவற்றால் நாம் கொள்ளத்தக்கவை நான்கு. முதலாவது, பரிசு எதன் பொருட்டு என்பதைப் பந்தயம் தொடங்குமுன் அறிவித்தல். இரண்டாவது, புதியவர் யார் என்பதை வரையறுத்தல். மூன்றாவது, புள்ளியோடு தடுத்தல், பறித்தல், பிறர்க்குப் பந்தீதல் ஆகியவற்றையும் ஏட்டிற் பதிதல். நான்காவது, ஒருவர் சொல்லை நம்பாமல், எதிர்த்து ஆடியோர் உட்பட்ட பலரிடம் வரிசை கேட்டல்.

மாணவ நண்பர்களே, நம் கல்லூரி ஆண்டு விழாவிலும் இத்தகைய பரிசுகள் வழங்கப்படுகின்றன. வெள்ளிக் கிண்ணம் சிறிது; ஆனால் அதனைப் பெறும் பதினேழு வயதினர் ஒருவருக்கு, 'உன் உழைப்பை யாம் கண்டோம்' என்று ஓர் அவை சொல்லும் சொல் சிறிதன்று. பெறாது போனவர்க்கு, 'உன்னை யாம் காணவில்லை' என்று அவ்வவையே சொல்லிவிடுகிறது. அம்பத்தூரில் அச்சொல்லைச் சொன்னவன் யான். ஆவடி மாணவரிடம் குற்றமில்லை, நடுவரிடமும் இல்லை. அன்று கொடுத்த பரிசை மாற்ற இனி இயலாது. வரும் பருவத்திற்கென வாங்கிய புதிய ஏட்டில், புள்ளிகளுக்கு அடுத்தாற்போல் மற்றொரு பத்தியும் கோடிட்டு வைத்திருக்கிறேன். அதன் தலைப்பு: 'யார், யாரைத் தடுத்தார்?'