ஹெட்போன் சொருகியதைக் கம்ப்யூட்டர் அறிவது எப்படி?

பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவில் இயர்போனைச் சொருகினால் ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். ஜாக்கினுள் உள்ள சிறு தகட்டை பிளக் தள்ளிவிட, ஸ்பீக்கர் இணைப்பு துண்டிக்கப்படுகிறது. சூட்சுமம் அவ்வளவுதான்.

கம்ப்யூட்டரிலும் அதே தகடுதான். ஆனால் இங்கே அது ஒலியைத் தடுப்பதில்லை, தகவல் சொல்கிறது. 2004-ல் இன்டெல் வெளியிட்ட ஹெச்.டி. ஆடியோ முறையில் ஒவ்வொரு ஜாக்கின் சுவிட்சுக்கும் தனி ரெசிஸ்டர் உண்டு: 39.2, 20, 10, 5.1 கிலோ ஓம். நான்கும் ஒரே 'சென்ஸ்' பின்னில் சேருகின்றன. பிளக் நுழைந்ததும் அங்கே மின்னழுத்தம் மாறும். மதிப்புகள் ஏறக்குறைய இரட்டிப்பாக இருப்பதால், எந்த ஜாக் என்பதை கோடெக் சிப் பிரித்தறிந்து டிரைவருக்குச் சொல்லும். டிரைவர் ஸ்பீக்கரை அடக்கும். சில சிப்கள் மின்தடையையும் அளக்கும்: 32 ஓம் அளவென்றால் ஹெட்போன், பல ஆயிரம் ஓம் என்றால் ஆம்ப்ளிஃபையர் உள்ள ஸ்பீக்கர்.

தேவாரத்தில் எங்க தெரு அண்ணன் ஒருத்தர் லேப்டாப்பில் சத்தமே இல்லை. "மதர்போர்டு போச்சு" என்றார்களாம் கடையில். திரையிலோ, ஒன்றும் சொருகாமலே ஹெட்போன் படம்! தகடு அழுக்கில் ஒட்டியிருந்தது. சுத்தம் செய்து, பிளக்கை நாலு தடவை போட்டு எடுத்ததும் பாட்டு வந்தது. ஏலத்தோட்டத்துக் கூலியில் மதர்போர்டு வாங்குவது லேசா?

எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். ஒன்று மட்டும் சொல்வேன்: மாற்றுமுன் சோதிப்போம்!