லாம்பரீனே வைத்தியர்

கேள்வி: ஆப்பிரிக்கக் கிராமத்துக்குச் சேவை செய்யப் போகும் மிஷனரி, அந்த ஜனங்களின் வழக்கங்களைக் குலைக்காமல் உதவ முடியுமா?

பதில்: முடியும். சங்கீத வித்வானாகவும் கிறிஸ்தவ வேத பண்டிதராகவும் ஐரோப்பாவில் கீர்த்தி பெற்றிருந்த ஆல்பர்ட் ஷ்வைட்சர், முப்பது வயதில் வைத்தியம் கற்கத் தொடங்கி, 1913-இல் தம் மனைவி ஹெலனுடன் காபோன் தேசத்து ஒகோவே நதிக்கரையிலுள்ள லாம்பரீனேயை அடைந்தபோது, ஆஸ்பத்திரி என்று வைத்துக்கொள்ளக் கிடைத்தது ஒரு பழைய கோழிக் கொட்டகைதான். ஓடங்களில் வந்த நோயாளிகளோடு உறவினரும் தங்கிச் சமைத்து உண்ணும்படி அவர் அனுமதித்ததைப் பெரிய விவேகமாக மதிக்கிறேன். அந்நிய இடமென்ற பயம் தெளியாமல் மருந்து பலிக்குமா? ஆயினும் ஆப்பிரிக்கரை எப்போதும் தம்பி ஸ்தானத்திலேயே வைத்து அவர் பேசியது என் மனத்துக்கு ஒப்பவில்லை. நோயாளிகளின் பேச்சை அவருக்கு விளக்கி, சிகிச்சையிலும் துணைநின்ற ஜோசப் அஸோவானி போன்றவர்களைச் சரிசமானமாகப் பாவித்திருந்தால் அந்தச் சேவை இன்னும் உயர்ந்திருக்கும்.