தலைமைப் பயிற்சியும் தோட்டத்துப் பிள்ளைகளும்

தலைவர் என்றவுடன் மாலையும் மேடையும் ஒலிபெருக்கியுமே நம் கண்முன் தோன்றுகின்றன. நம் பாட்டன்மார்க்கோ கங்காணியின் உருவம் தோன்றியிருக்கும். விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு, நிரை பிரித்து அனுப்புபவர் அவர். அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லை. மரமும் வேலையும் மாறாதிருந்த காலத்தில் ஒருவர் ஆணையிட மற்றவர் கேட்டு நடப்பது எப்படியோ செல்லுபடியாயிற்று.

இன்றோ பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை நிற்கின்றது. செம்பனை நின்ற இடங்கள் பலவற்றில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்துவிட்டன. 1957ஆம் ஆண்டில் மலாயாவில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஐந்நூற்றுச் சொச்சமே உள்ளன. 150 மாணவருக்கும் குறைவாக உள்ள பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என்கின்றனர். நம் பள்ளியும் அவ்வரிசையில்தான் நிற்கின்றது. இவ்வாறு நாளும் மாறிவரும் உலகில் நம் பிள்ளைகளை எத்தகைய தலைமைக்கு நாம் ஆயத்தம் செய்வது?

இதற்குரிய பாடம் நம் தோட்டப்புற வரலாற்றிலேயே இருக்கின்றது. ஐம்பதுகளில் வெள்ளைக்கார நிறுவனங்கள் பல தம் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியோர் அவற்றைச் சிறு சிறு பகுதிகளாக்கி மீண்டும் விற்றனர். 'தோட்டத் துண்டாடல்' என்று அதற்குப் பெயர். துண்டு வாங்கியவர்க்கு நிலம் கிடைத்தது. பால் வெட்டியவர் பலருக்கு வேலை போயிற்று, குடியிருந்த வீடும் போயிற்று. (வேலை போனால் வீடு ஏன் போகவேண்டும் என இன்றைய பிள்ளைகள் கேட்கின்றனர். லயத்து வீடு தோட்டத்தாருக்கே உரியது என்பதை விளக்கிச் சொல்லவேண்டியுள்ளது.)

அந்நிலையில் 1960ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அதற்கு முன்னின்றவர் துன் வீ. தி. சம்பந்தன். 1919இல் சுங்கை சிப்புட்டில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர், அப்பொழுது அமைச்சர். ஓர் அறிக்கை விடுத்துவிட்டு அலுவலகத்திலேயே அமர்ந்திருக்கலாம். அவரோ தோட்டந்தோட்டமாகச் சென்றார். ஒவ்வொருவரும் சம்பளத்தில் ஒரு சிறு தொகையைத் தவணையாகச் செலுத்திப் பங்கு பெற்றால், எல்லாருமாகச் சேர்ந்து தோட்டத்தையே வாங்கலாம் என எடுத்துரைத்தார். கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டம் 1961இல் அவ்வாறு வாங்கப்பட்டது.

இவ்வரலாற்றைச் சொல்லும்போது நாம் சம்பந்தனாரோடு நின்றுவிடுகின்றோம். பணம் கட்டியவர்களையும் எண்ணிப் பார்க்கவேண்டும். வியர்வை சிந்திய காசைக் கொடுக்குமுன், 'இப்பணம் எங்கே போகும், கணக்கை யார் பார்ப்பார்?' எனக் கேட்பது இயல்பு. அவ்வினாவுக்குச் சினமின்றி விடை சொல்லத் தெரியவேண்டும். வினாவைக் கேட்கவும் தெரியவேண்டும். இவ்விரண்டையும் பள்ளியிலேயே பழக்க இயலும் என நாம் நம்புகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நடந்த ஒன்றைக் கூறுவோம். ஐந்தாம் ஆண்டு வகுப்பில் பன்னிருவர். ஆண்டிறுதி விருந்துக்காக வாரம் ஐம்பது காசு சேர்த்தனர். கணக்கு எழுதுபவன் வகுப்புத் தலைவன். ஒருநாள் பார்த்தால் ஆறு வெள்ளி குறைகின்றது. பையன் அழுதுவிட்டான். நாம் உடனே சட்டைப் பையில் கைவிட்டோம். "வேண்டாம் ஐயா, நீங்கள் கொடுத்தால் இத்தோடு முடிந்துவிடும். அவனே வகுப்பில் சொல்லட்டும்" எனத் தடுத்தார் வகுப்பாசிரியை. அப்பொழுது அவர்மீது நமக்குச் சிறிது வருத்தந்தான்.

மறுநாள் அவன் எழுந்து நின்று, "ஆறு வெள்ளி குறைகிறது. எப்படி என்று எனக்குத் தெரியவில்லை" என்றான். ஓரிருவர் சிரித்தனர். ஒருவன், "நீ தின்றுவிட்டாய்" என்றும் சொன்னான். அப்பொழுது, வகுப்பில் வாய் திறவாத மாணவி ஒருத்தி புத்தகத்தை வாங்கி வரிவரியாகப் பார்த்தாள். விளையாட்டுப் பயிற்சி நடந்த வெள்ளிக்கிழமையில், பன்னிருவர் பெயருக்கும் அவன் முன்கூட்டியே அடையாளம் இட்டிருந்தான். காசு வாங்க மறந்துவிட்டான். பன்னிரண்டு ஐம்பது காசு ஆறு வெள்ளி! வாங்கும்போதே அடையாளமிட வேண்டும், இருவர் கையொப்பமிட வேண்டும் என்னும் விதியை அப்பிள்ளைகளே வகுத்தனர். அவ்விதி நம் பள்ளியில் இன்றளவும் உள்ளது. நாம் ஆறு வெள்ளியை எடுத்து நீட்டியிருந்தால் இவற்றுள் ஒன்றும் நிகழ்ந்திராது.

உரக்கப் பேசும் பிள்ளையையே தலைவனாக்கும் வழக்கம் நம்மிடமும் இருந்தது. இப்பொழுது மாதந்தோறும் பொறுப்பு மாறுகின்றது. கூச்சமுள்ள பிள்ளைக்கும் முறை வரும்.

நாளை இவர்களுக்கு இன்னும் கடினமான வேலைகள் காத்திருக்கின்றன. தோட்டம் கைமாறுகின்றது என்னும் செய்தி இன்று கைப்பேசிக் குழுவில் வருகின்றது. மெய்யா பொய்யா எனத் தெரியுமுன் நூறு பேருக்குப் பரவிவிடுகின்றது. பரப்பாமல் பொறுத்து, உரிய அலுவலகத்தில் விசாரித்து, மலாயில் வந்த கடிதத்தைப் படித்து, அதன் பொருளைப் பாட்டிக்குத் தமிழில் சொல்லக்கூடிய ஒருவர் ஒவ்வொரு லயத்திலும் வேண்டும். மேடையேறாமலே செய்யக்கூடிய தலைமை இது.

பெற்றோரிடமும் ஒரு குறை உண்டு. பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுக்கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கப்பட்டவுடன், "ஏற்றுக்கொள்கிறோம்" என்று கைதூக்கிவிட்டுப் பலகாரத்தை நோக்கி நடந்துவிடுகின்றோம். பிள்ளைகள் இதனைப் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். வரும் கூட்டத்தில் ஆறாம் ஆண்டு மாணவர் இருவர் தம் வகுப்புச் சேமிப்புக் கணக்கை வாசிக்க உள்ளனர். பெற்றோர் ஒவ்வொருவரும் ஒரு வினாவேனும் கேட்கவேண்டுமெனக் கேட்டுக்கொள்கின்றோம். தேநீர் அதன் பின்னரே வழங்கப்படும்.