வங்கி இலச்சினையும் இலவச மென்பொருளும்

கேள்வி: நான் கோயம்புத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ஓய்வு நேரத்தில் நானும் இரு நண்பர்களும் சேர்ந்து, குடும்ப வரவு செலவுக் கணக்கு எழுதும் ஒரு செயலியை உருவாக்கி, ஜிபிஎல் உரிமத்தின்கீழ் மூலநிரலோடு இலவசமாக வெளியிட்டிருக்கிறோம். ஒவ்வொரு கணக்கின் பக்கத்திலும் அந்தந்த வங்கியின் லோகோவைச் சிறிய ஐகானாகக் காட்டுகிறோம். செயலியின் சொந்த ஐகானிலும் மூன்று வங்கிகளின் லோகோக்கள் இருக்கின்றன. எல்லாம் எம்ஐடி உரிமத்தில் கிடைக்கும் ஓர் ஐகான் தொகுப்பிலிருந்து எடுத்தவை. "லைசென்ஸ் இருக்கிறது, காசும் வாங்கவில்லை, பயமே வேண்டாம்" என்கிறார் ஒரு நண்பர். "எல்லாவற்றையும் எடுத்துவிடு, வங்கியின் பெயரைக்கூடப் போடாதே" என்கிறார் மற்றவர். யார் சொல்வது சரி?

பதில்: ஒருவருக்குத் தைரியம் அளவுக்கு மிஞ்சியிருக்கிறது, மற்றவருக்குப் பயம் அளவுக்கு மிஞ்சியிருக்கிறது, சட்டமோ இவ்விருவருக்கும் நடுவே, பயந்தவர் பக்கமாகச் சற்றே ஒதுங்கி நிற்கிறது. வங்கியின் பெயரை எழுத்தில் சொல்லத் தங்களுக்குப் பாத்தியதை உண்டு. அதன் இலச்சினையை எடுத்தாள அவ்வளவு தாராளமான பாத்தியதை கிடையாது என்பதே என் அபிப்பிராயம்.

முதலில் அந்த எம்ஐடி உரிமத்தைப் பார்ப்போம். இலச்சினை என்ற சித்திரத்தில் இருவகை உரிமைகள் அடங்கியிருக்கின்றன: அது ஒரு கலைப்படைப்பு என்ற அளவில் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டமும், அது ஒரு வியாபாரியைப் பிறரிடமிருந்து பிரித்துக் காட்டும் அடையாளம் என்ற அளவில் 1999-ஆம் ஆண்டின் வர்த்தக முத்திரைச் சட்டமும் அதைக் காக்கின்றன. ஐகான் தொகுப்பை வெளியிட்டவர் தமக்கு எந்த உரிமை இருந்ததோ அதை மட்டுமே பிறருக்கு வழங்க முடியும். வங்கியின் இலச்சினையைப் பார்த்துக் கணினியில் திரும்ப வரைந்தவருக்கு அந்த முத்திரையின்மீது எவ்வித அதிகாரமும் இல்லையாதலால், அவர் தந்த உரிமம் எவ்வளவு தாராளமான வாசகங்களைக் கொண்டதாயினும், வங்கியின் சம்மதமாக ஆகிவிடாது. உரிமங்களை வகுத்தவர்களே இதை அறியாதவர்கள் அல்லர். அபாச்சி உரிமத்தின் இரண்டாம் பதிப்பு தன் ஆறாம் ஷரத்தில் முத்திரைகளை உபயோகிக்க அனுமதி தரவில்லை என்று வெளிப்படையாகவே கூறுகிறது. சகல பதிப்புரிமைகளையும் துறக்கும் சிசி-ஜீரோ பத்திரம்கூட முத்திரை உரிமையைத் துறப்பிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. தாங்கள் தேர்ந்த ஜிபிஎல்லின் மூன்றாம் பதிப்போ, முத்திரையை வழங்க மறுக்கும் நிபந்தனையைச் சேர்த்துக்கொள்ள ஆசிரியருக்கு இடம் அளிக்கிறது. எம்ஐடி உரிமம் இவ்விஷயத்தில் ஒன்றும் சொல்லவில்லை. அதனால் அது முத்திரையையும் சேர்த்துத் தானம் செய்துவிட்டது என்று வாதிப்பது எடுபடாது.

"காசு வாங்கவில்லை" என்ற வாதத்தில் ஓரளவு சத்து உண்டு. நம் வர்த்தக முத்திரைச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு, வியாபார நடவடிக்கையின்போது செய்யப்படும் உபயோகத்தையே அத்துமீறல் என்கிறது. விலைக்கு விற்காததை வியாபாரம் எனலாமா என்று தாங்கள் நியாயமாகவே கேட்கலாம். ஆயினும் இந்த அரணை நம்பி யுத்தத்துக்குப் போக வேண்டாம் என்பேன். அமெரிக்காவில் கூல்மெயில் என்ற மின்னஞ்சல் நிரலை ஒருவர் 1990-களில் ஜிபிஎல் உரிமத்தில் இலவசமாகப் பரப்பினார். அப்பெயரின் உரிமை பின்னர் வழக்காக முளைத்தபோது, இலவசமாக விநியோகித்ததும் வர்த்தகத்தில் உபயோகித்ததே ஆகும், அதனாலேயே முத்திரை உரிமை பிறந்துவிட்டது என்று 2001-இல் பதினொன்றாம் வட்ட மேல்முறையீட்டு நியாயஸ்தலம் தீர்ப்பளித்தது. அந்நியத் தீர்ப்பு நம் நீதிபதிகளைக் கட்டுப்படுத்தாதுதான். ஆனால் இலவச மென்பொருளால் முத்திரை உரிமையைச் சம்பாதிக்க இயலுமானால், இலவச மென்பொருளால் அதை மீறவும் இயலும் என்று எதிர்த்தரப்பு வக்கீல் வாதிக்க அது தாராளமாகப் போதும். வங்கி மென்பொருள் வியாபாரம் செய்வதில்லையே என்று சொல்லியும் பயனில்லை. இந்தியாவில் கீர்த்தி பெற்ற முத்திரைக்குச் சம்பந்தமில்லாத சரக்குகளிலும் பாதுகாப்பு உண்டு என்கிறது அந்த 29-ஆவது பிரிவின் நான்காம் உட்பிரிவு.

இனி, பெயரைக்கூடப் போடாதே என்னும் நண்பருக்கு ஆறுதல் சொல்ல வேண்டும். ஒரு பொருளையோ சேவையையோ அதன் உரிமையாளருடையது என்று சுட்டிக்காட்டும் பொருட்டு அவருடைய முத்திரையைப் பிறர் உபயோகிப்பதை 30-ஆவது பிரிவு அனுமதிக்கிறது. அந்த உபயோகம் தொழிலில் யோக்கியமான வழக்கத்துக்கு ஒத்திருக்க வேண்டும், முத்திரையின் தனித்தன்மைக்கோ மதிப்புக்கோ கெடுதல் விளைவிப்பதாகவோ அதிலிருந்து அநியாயமாக ஆதாயம் தேடுவதாகவோ இருக்கக் கூடாது என்பவையே நிபந்தனைகள். துணைச் சரக்கு செய்பவர், இன்னதற்குப் பொருந்தும் என்று காட்ட நியாயமாக அவசியப்படும் அளவுக்கு முத்திரையைக் குறிப்பிடவும் அப்பிரிவு இடம் தருகிறது. எத்தனை தூரம் அவசியம், எங்கே அவசியம் தீர்ந்து ஆசை ஆரம்பமாகிறது என்பதில்தான் வழக்குகள் எல்லாம் நிற்கின்றன.

நம் அடுக்களைகளில் பிரஷர் குக்கருக்கு மாட்டும் கேஸ்கெட் ஒன்றே டில்லி உயர் நீதிமன்றம்வரை இந்தக் கேள்வியை இழுத்துச் சென்றது. முருகன் எண்டர்பிரைசஸ் என்ற நிறுவனம் தான் செய்த கேஸ்கெட்டின் உறையில், "ஹாக்கின்ஸ் குக்கருக்கு ஏற்றது" என்ற கருத்துப்பட அச்சிட்டிருந்தது. உண்மையைத்தானே சொன்னோம் என்ற அதன் வாதத்தைத் தனி நீதிபதி ஏற்றுக்கொண்டார். 2012-இல் இருவர் அமர்வு அதை மாற்றிவிட்டது. அந்த கேஸ்கெட் பிற குக்கர்களுக்கும் பொருந்துமாதலால் ஒரு கம்பெனியின் பெயரைச் சொல்ல அவசியமே இல்லை என்றும், போதாக்குறைக்கு அப்பெயர் மட்டும் வேறு வர்ணத்தில் பளிச்சென்று நின்றது என்றும் நீதிபதிகள் கவனித்தார்கள். இதற்கு நேர்மாறாக, கலிபோர்னியாவில் வோக்ஸ்வேகன் கார்களைப் பழுதுபார்த்து வந்த ஒரு தனி மெக்கானிக், தம் கடைப் பலகையிலும் விளம்பரங்களிலும் அந்தப் பெயரைத் தாராளமாகவே எழுதியிருந்தும் 1969-இல் வழக்கில் ஜெயித்தார். அவருக்குச் சாதகமாக நியாயஸ்தலம் எடுத்துக்காட்டியவற்றுள் ஒன்று, அவர் கம்பெனியின் விசேஷ எழுத்து வடிவத்தையோ வட்டத்துக்குள் அமைந்த அதன் சின்னத்தையோ தொடவே இல்லை என்பது. இவ்விரண்டு தீர்ப்புகளையும் ஒருசேரப் படிப்பவருக்குத் தங்கள் செயலியின் நிலைமை தானே விளங்கும். கணக்கு எந்த வங்கியினுடையது என்று காட்டப் பெயர் அவசியம். இலச்சினை அழகு சேர்க்கிறது, கண்ணுக்குச் சற்றுச் சீக்கிரம் தெரிகிறது, அவ்வளவே.

ஆகவே, கணக்கின் பக்கத்தில் நிற்கும் சிறு ஐகானை நான் குற்றம் என்று தீர்மானமாகச் சொல்ல மாட்டேன். அது 30-ஆவது பிரிவின் நிழலில் ஒதுங்கி நிற்கக் கூடியதே. செயலியின் சொந்த ஐகானில் மூன்று வங்கிகளின் இலச்சினைகளைக் கோத்து வைத்திருப்பதற்கோ எந்த நிழலும் இல்லை. அதைப் பார்க்கும் சாமானியர், அவ்வங்கிகள் கூடி வெளியிட்ட செயலி என்றே எண்ணுவார். போலிச் செயலிகளால் வாடிக்கையாளர் பணம் பறிபோகும் இக்காலத்தில், வங்கிகள் இத்தகைய படங்களைக் கண்டால் தங்கள் நல்ல எண்ணத்தை விசாரித்துக்கொண்டிருக்க மாட்டா. "எந்த வங்கியோடும் தொடர்பில்லை" என்று உள்ளே ஒரு பக்கத்தில் எழுதிவைத்திருப்பது நல்லதுதான். ஆனால் முகப்பு சொல்லும் பொய்யை உள்பக்கம் சொல்லும் மெய் அழித்துவிடாது. வர்ணத்தை மாற்றிக் கறுப்பு வெள்ளையாக்கினால் தப்பலாம் என்றும் சிலர் எண்ணுகிறார்கள். ஒத்த சாயலே போதுமென்று சட்டம் சொல்லும்போது அதில் ஒரு லாபமும் இல்லை.

முத்திரைச் சட்டத்துக்கு அப்பால், திறந்த மூலத்துக்கே உரிய தர்மசங்கடம் ஒன்றும் இங்கே இருக்கிறது. ஜிபிஎல்லில் வெளியிடுகிறபோது, இதைப் பெற்றவர் எவரும் விரும்பியபடி திருத்தலாம், விற்கவும் செய்யலாம் என்று தாங்கள் வாக்குக் கொடுக்கிறீர்கள். பிறர் இலச்சினையைப் பற்றி அந்த வாக்கைக் கொடுக்கத் தங்களால் முடியாது. டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பை உருவாக்கும் குழுவினர் இதே காரணத்தால் பயர்பாக்ஸ் உலாவியின் இலச்சினையைத் தங்கள் தொகுப்பில் சேர்க்க மறுத்தார்கள். அதன் உரிமம் தங்கள் சுதந்திர விதிகளுக்குப் பொருந்தவில்லை என்றார்கள். இலச்சினை இல்லாமல் பெயரை மட்டும் உபயோகிக்கக் கூடாது என்று பயர்பாக்ஸை வெளியிடும் மொசில்லா 2006-இல் கண்டிப்பாகக் கூறவே, மூலநிரலை வைத்துக்கொண்டு பெயரை விட்டார்கள். அதே உலாவி டெபியனில் ஐஸ்வீசல் என்ற பெயரோடு, இரு தரப்பும் சமாதானமாகும்வரை, 2016 வரை உலவியது. இருவருமே சுதந்திர மென்பொருளுக்காகப் பாடுபட்டவர்கள் என்பதை நினைத்தால், ஒரு வங்கியின் சட்ட இலாகா தங்களிடம் இதைவிட அதிக தாட்சண்யம் காட்டும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

கேட்காத ஒன்றையும் சொல்லிவைக்கிறேன். மருத்துவச் செலவைக் குறிக்க வெள்ளைப் பின்னணியில் செஞ்சிலுவையை வரைந்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். அது வர்த்தக முத்திரை அன்று. 1960-ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டத்தால் காக்கப்படும் சின்னம். ஆம்புலன்ஸ் படத்தில் அதைச் சிறிதாக வரைந்ததற்காக ஓர் ஆங்கிலக் கணினி விளையாட்டுக் கம்பெனிக்கே கடிதம் வந்ததுண்டு.

தாங்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. செயலியின் சொந்த ஐகானை இன்றே மாற்றுங்கள். வங்கிகளின் பெயர்களைச் சாதாரண எழுத்தில், எல்லாவற்றுக்கும் ஒரே வர்ணத்தில் வைத்து, பக்கத்தில் பெயரின் முதலெழுத்தையோ பொதுவான கட்டடப் படத்தையோ காட்டுங்கள். படம் இருந்தே தீர வேண்டும் என்று விரும்பும் உபயோகிப்பாளர், தம் கணினியில் உள்ள ஒரு படத்தைத் தாமே சேர்த்துக்கொள்ள வசதி செய்து கொடுங்கள். படம் மூலநிரலோடு பயணம் செய்யாமல் இருப்பதே முக்கியம். எந்த வங்கியேனும் எழுத்து மூலம் அனுமதி தந்தால், அந்த இலச்சினையைத் தனிக் கோப்புறையில், ஜிபிஎல் இதற்குப் பொருந்தாது என்ற குறிப்போடு வையுங்கள். இதற்குள் நோட்டீஸ் ஏதேனும் வந்துவிட்டால், சினந்தோ மன்னிப்புக் கேட்டோ தாங்களாகப் பதில் எழுதிவிடாமல், படங்களை நீக்கிய தேதியைக் குறித்துக்கொண்டு, முத்திரை வழக்குகளில் பழக்கமுள்ள ஒரு வக்கீலிடம் அதைக் காட்டுங்கள். பெயர்களையும் நீக்கச் சொல்லி அந்த நோட்டீஸ் கேட்டால், அதற்கு மட்டும் இணங்க வேண்டாம்.